இடது பக்கம் வந்த விளக்குகள்

என் மகள் பூங்காவனத்துக்கு அப்போது ஏழு வயது. ஒரு சாயங்காலம் சோறு தின்றுகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு இடது பக்கம் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது.

"இன்னா பாக்குற?" என்றேன்.

"லைட்டுப்பா. சேப்பும் பச்சையுமா சுத்திக்கினு வருது."

"எங்க?"

இடது காதுக்குப் பக்கத்தில் கையைக் காட்டினாள். தலையைத் திருப்பினாள். "நான் திரும்புனா அதுவும் கூடவே திரும்புதுப்பா."

கொஞ்ச நேரத்தில் இரண்டு கண்ணும் இடது பக்கமாக இழுத்துக்கொண்டன. கூப்பிட்டால் பதில் இல்லை. பிறகு வாந்தி எடுத்தாள். தலை வலிக்கிறது என்று அழுதாள். அழுதபடியே தூங்கிவிட்டாள். எச்சில் கையைக்கூட நான்தான் கழுவிவிட்டேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். கள்ளக்குறிச்சியில் ஒரு பாய் நடத்திய ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற வேலை பார்த்தேன். இதை எழுதச் சொன்னது என் மகள்தான். எங்காவது இன்னொரு பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதன் அப்பனுக்கு உதவும் என்கிறாள். நடந்ததை எழுதுகிறேன்.

விளக்குக்கு முன்னால் வயிறு. அதை நாங்கள் நோய் என்றே எண்ணவில்லை. ஐந்து வயதிலிருந்து அடிக்கடி பேதி. வெளுத்துப்போய், நிறைய, நாற்றத்தோடு போகும். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. பூச்சி என்று பூச்சி மருந்து கொடுத்தோம்.

வயிறு கெட்டால் எங்கள் பக்கம் சோற்றை நிறுத்திவிட்டு ரொட்டி கொடுப்பார்கள். பாலில் தோய்த்த ரொட்டி, ரஸ்க். காய்ச்சல்காரனுக்கும் அதுதான். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போனாலும் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடுதான் போவார்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டைப் பையில் மருந்துச் சீட்டு இருக்கும். எனக்கோ ரொட்டி வீட்டுச் சாமான் மாதிரி. காலையில் வேலை முடிந்து வரும்போது ஓரம் கருகியது, உடைந்தது என்று ஒரு பொட்டலம் கொண்டுவருவேன். பூங்கா அதற்காக வாசலில் நிற்பாள். தெருவில் மற்ற பிள்ளைகளுக்கு இல்லாத தீனி என் பிள்ளைக்கு இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

அடுத்து கால். அகட்டி அகட்டி வைத்து நடந்தாள், படகில் நிற்கிறவள் மாதிரி. இருட்டினால் சுவரைப் பிடிக்காமல் நடக்க மாட்டாள். டம்ளரை எடுக்கப் போனால் கை டம்ளருக்கு நாலு விரல் முன்னாடியே மூடிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் "தண்ணி போட்டவ" என்று பேர் வைத்தார்கள். அவள் அழவில்லை. பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டாள்.

பிறகுதான் விளக்கு. வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் இரண்டு தடவை.

எதிர் வீட்டு அலமேலு என் மனைவி காசியம்மாவிடம் ஒன்று சொன்னாள். நான் காது கேட்கும் தூரத்தில்தான் இருந்தேன்.

"ஏங் காசி, போன மாசம் ஒம் புருசனுக்கு அம்மை போட்டு வூட்லயே கெடந்தான் இல்ல? அந்த மாசம் புள்ளைக்கு லைட்டு வந்துச்சா?"

காசியம்மா யோசித்தாள். "வரல."

"பாத்தியா. விடியக் கருக்கல்ல சுடுகாட்டு வழியாதான வரான். எதையோ இட்டுக்கினு வரான்."

அது உண்மை. அம்மை போட்டிருந்த மாதம் பூங்கா நன்றாக இருந்தாள். நான் சுற்று வழியாக வர ஆரம்பித்தேன். வந்ததும் கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன். கையில் கொண்டுவந்த பொட்டலத்தைத் துணிக்கல்லின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு முழுகினேன். அம்மை போட்ட வீட்டுக்குள் வெளித்தீனி வரக் கூடாது என்று அந்த மாதம் முழுக்க எல்லாரும் கேழ்வரகுக் கூழ்தான் குடித்தோம் என்பது எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

டாக்டரிடம் காட்டினோம். வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார். கண் இழுப்பது குறைந்தது. விளக்கு நிற்கவில்லை. ஒரு தடவை வாந்தி நிற்காமல் போகவே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள். காலையில் பாலும் ரொட்டியும் வரும். சாயங்காலம் பார்க்க வருகிறவர்கள் ரொட்டி கொண்டுவருவார்கள். பாய் தினமும் ஒரு பாக்கெட் அனுப்பினார். பூங்காவுக்கு நாளுக்கு நாள் மோசமானது.

அங்கே ஒன்று நடந்தது. பக்கத்துக் கட்டில் கிழவரின் மகள் பூங்காவிடம் விளையாட்டாகக் கேட்டாள். "எங்கடி கண்ணு போவுது ஒன் லைட்டு?"

பூங்கா இடது பக்கம் கை நீட்டினாள். "அந்தத் தாத்தா கட்டுலு மேல."

மறுநாள் காலையில் கிழவர் இல்லை. இறந்துவிட்டார். அவருக்கு நெஞ்சு நோய், ஒரு மாதமாகவே இழுத்துக்கொண்டிருந்தவர். ஆனாலும் அதற்குப் பிறகு அந்தக் கட்டிலுக்கு யாரும் வரவில்லை. புதிதாக வந்தவர்கள் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். நர்ஸ் சத்தம் போட்டும் கேட்கவில்லை. எங்களுக்கு யாரும் வெந்நீர்கூட வாங்கிக் கொடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் நாங்களே கிளம்பிவிட்டோம்.

என் மச்சான் ஏழுமலை கல்வராயன் மலையில் கடுக்காய் வாங்கி வந்து விற்கிறவன். அங்கே ஒரு பூசாரி இருக்கிறார், காப்பு கட்டுவார் என்றான். கச்சிராயபாளையம் வரை அவன் வந்தான். அதற்கு மேல் நானும் காசியம்மாவும் பூங்காவும். பூங்காவை முக்கால் வழி நான் தூக்கிக்கொண்டுதான் ஏறினேன். மழைக்காலம். பத்தடிக்கு மேல் மேகம் மறைத்தது.

பூசாரிக்கு என் வயதுதான் இருக்கும். பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வழியைப் பார்த்தார்.

"எத்தினி பேரு வந்தீங்க?"

"மூணு பேருங்க."

"நாலு பேரு ஏறுன மாரி இருந்துச்சி." மறுபடி வழியைப் பார்த்தார். "செரி. நாலாவது கடைசி வளைவுல நின்னுபோச்சி. அது மேல வராது. நீங்க எறங்கச் சொல்ல புடிச்சிக்கும்."

காசியம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

காப்புக் கயிறு கட்டினால் மலையில் இருக்கும் வரை பூசாரி வீட்டுச் சாப்பாடுதான், கீழே இருந்து கொண்டுபோன எந்தத் தீனியையும் வாயில் வைக்கக் கூடாது. அது அவர்கள் முறை. என் பையில் வழிக்கு வைத்திருந்த ரொட்டி இருந்தது. ஊர் எல்லையில் ஒரு மரத்தில் பையை மாட்டச் சொன்னார். நாங்கள் நூறு அடி போவதற்குள் குரங்கு பிரித்துவிட்டது.

மூன்று நாளில் திரும்புவதாகத்தான் போனோம். மூன்றாம் நாள் கீழே போன ஒருவன் பாதியில் திரும்பி வந்தான். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம், எல்லா ரோட்டிலும் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் இல்லை, போலீஸ் சுடுகிறது என்றான். நான் கடைசி வளைவு வரைக்கும் இறங்கிப் பார்த்தேன். கீழே புகை தெரிந்தது. மனிதர் யாரும் தெரியவில்லை. கோடாலிச் சத்தம் கேட்டது. பல இடத்திலிருந்து. ஒரு சத்தம் நிற்கும், மரம் விழும், அப்புறம் காக்கைகள் கத்தும். பிறகு வேறு திசையில் ஆரம்பிக்கும். அந்த வளைவில் நான் நெடுநேரம் நிற்கவில்லை.

ஒரு வாரம் ரோடு மூடிக் கிடந்தது. அதற்குப் பிறகும் பயத்தில் யாரும் இறங்க விடவில்லை. எங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. சாமைச் சோறு, சாமைக் கஞ்சி, மொச்சை, கீரை. எங்களைப் பாரமாக அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. நான் விறகு பிளந்து கொடுத்தேன்.

முதல் வாரமே பேதி நின்றது. வயிறு வற்றியது. பத்தாம் நாள் வலிப்பு மாத்திரை தீர்ந்துபோனது. எனக்குப் பயம். ஆனால் விளக்கு வரவில்லை. பதினைந்தாம் நாள் பூசாரியின் மனைவியோடு ஊற்றுக்குச் சின்னச் சொம்பு எடுத்துக்கொண்டு நடந்தாள். காலை அகட்டித்தான் வைத்தாள். ஆனால் விழவில்லை.

"லைட்டு வருதா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. அது கீழ நிக்குது இல்ல." கொய்யாப்பழம் இருக்கிற இடத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

கிளம்புகிற அன்று பூசாரி, "புள்ளைய வுட்டுட்டுப் போ. வருசத்துக்கு ரெண்டு தபா வந்து பாரு. மலை வளத்துக்கும்" என்றார். காசியம்மா வாயைத் திறந்தாள். நான் அவளை முறைத்தேன். இறங்கிவிட்டோம்.

கடைசி வளைவில் பூங்கா நின்றாள். சுற்றிப் பார்த்தாள். "யாருமே இல்லப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவளைக் கூட்டிவந்தது சரி என்று நினைத்தேன்.

கச்சிராயபாளையத்திலிருந்து பாதி வழி நடைதான். ரோட்டை மறித்துப் புளியமரங்கள் கிடந்தன. சில இடத்தில் இழுத்து ஓரம் போட்டிருந்தார்கள். நிழலே இல்லாமல் ரோடு வேறு ஏதோ ஊர் ரோடு மாதிரி இருந்தது. பூங்கா கிளையைப் பிடித்துத் தானே ஏறித் தாண்டினாள்.

மறுநாள் பாய் அடுப்பு மூட்டினார். நான் முதல் வேலையாகக் கையகல ரொட்டி ஒன்று தனியாகப் பிசைந்தேன். மேலே மாவிலேயே 'பூ' என்று எழுதினேன். சூடு ஆறுவதற்குள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுசும் தின்றாள். தினம் ஒன்று செய்தேன்.

ஆறாம் நாள் காலையில் பொட்டலத்தோடு வாசலில் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு இடது பக்கம் பார்த்தாள். அவளுக்கு அது வலது பக்கமாயிற்றே என்று நினைத்தேன். கண் மெதுவாக நகர்ந்து, என்னைத் தாண்டி, அவளுடைய இடது பக்கம் போய் நின்றது.

"வந்துடுச்சிப்பா. ஒன் பின்னாடியே வந்துச்சி."

அன்று உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. அதுவரை அப்படி வந்ததில்லை.

காசியம்மா அழவில்லை. "மலையிலயே வுட்டுடலாம்" என்றாள். "உசுரோட இருந்தா போதும். எங்க இருந்தா இன்னா? நம்ம கண்ணு முன்னால சாவறத்துக்கு அங்க இருக்கட்டும்."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விடுவதாக முடிவு. வியாழக்கிழமை பாயிடம் லீவு கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன்.

"மலை எங்கயும் ஓடிடாதுடா. அடுத்த மாசமும் அங்கயேதான் இருக்கும். ஒரு தபா பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ. அங்கயும் முடியாதுன்னா நானே வந்து மலைல வுடறேன்" என்றார். செலவுக்கும் கொடுத்தார். காசியம்மா கம்மலைக் கழற்றினாள். வெள்ளிக்கிழமை நாங்கள் மலைக்குப் போகாமல் கிழக்கே போனோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள் சீட்டு எழுதவும் வரிசையில் நிற்கவும் போனது. எல்லா நடைவழியும் ஒரே மாதிரி இருக்கும். மூன்று தடவை வழி தப்பி ஒரே பிணவறை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். பிறகு பிள்ளைகள் வார்டில் சேர்த்தார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா பார்த்தார். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதன் மேல் நடக்கச் சொன்னார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். பூங்கா சாய்ந்தாள். தலையில் பசை தடவி ஒயர் ஒட்டி மூளையின் ஓட்டத்தைக் காகிதத்தில் கோடாக எடுத்தார்கள். முதுகெலும்பில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். அன்று காசியம்மா வெளியே போய்விட்டாள். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டேன். மண்டையைப் படம் எடுத்தார்கள்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். பின்மண்டைக்குள் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு விரலால் தொட்ட மாதிரி வெள்ளைப் புள்ளி.

"பின்பக்க மூளைதான் கண்ணு பாக்கறத புரிஞ்சுக்கற இடம்" என்றார். "அங்க கோளாறு வந்தா இல்லாதது தெரியும். வலது பக்க மூளை இடது பக்கத்தப் பாக்கும், இவளுக்குக் கோளாறு அங்கதான் கிளம்புது. அதனாலதான் லைட்டு எப்பவும் இடது பக்கம் வருது."

"யாரும் வரலீங்களா?"

"யாரு?"

நான் படத்தையே பார்த்தேன்.

அந்தப் புள்ளி எதனால் வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தினம் வருவார், நோட்டைப் பிரித்துக் கேள்வி கேட்பார். ஒரு நாள் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு மலம் எப்படிப் போகிறது என்றார். அதுவரை யாரும் கேட்டதில்லை. நாங்களும் வெட்கப்பட்டுச் சொன்னதில்லை. காசியம்மா சொன்னாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார்.

"இவளுக்கு எப்பவாவது நல்லா இருந்துச்சா? யோசிச்சு சொல்லுங்க."

"மலைல இருக்கச் சொல்ல நல்லா இருந்தா. மூணு வாரம்" என்றாள் காசியம்மா.

"மாத்திரை குடுத்தீங்களா அங்க?"

"பாதியில தீந்துபோச்சிங்க."

"இன்னொரு தடவை?"

"அவருக்கு அம்மை போட்டப்ப. ஒரு மாசம்."

"மலைல என்ன சாப்பிட்டீங்க?"

"சாமை."

"அம்மை போட்டப்ப?"

"கூழு."

"கீழ வந்ததும் முதல்ல என்ன சாப்பிட்டா?"

காசியம்மா என்னைப் பார்த்தாள். நான் என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் மாவு இருந்தது. எவ்வளவு கழுவினாலும் அங்கே நிற்கும்.

"ரொட்டி" என்றேன். "நான்தான் செஞ்சு குடுத்தேன்."

மறுநாள் பூங்காவை ஒரு நூலில் கட்டிய மணி போன்ற சின்ன உலோக உருண்டையை விழுங்க வைத்தார்கள். அது குடல் வரை இறங்கி, அரிசி அளவு சதையைக் கிள்ளி, நூலோடு திரும்பி வரும். அரை நாள் வாயோரம் நூல் தொங்க உட்கார்ந்திருந்தாள். என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள்.

குடல் உள்பக்கம் தலை துவட்டுகிற துண்டு மாதிரி பூப்பூவாக இருக்க வேண்டுமாம். இவளுக்கு அது தேய்ந்து வழவழ என்று ஆகிவிட்டிருந்தது.

டாக்டரம்மா என்னிடம் கேட்டார். "மாவு பிசையறவர்தானே நீங்க? பிசைஞ்ச மாவத் தண்ணியில அலசிக்கிட்டே இருந்தா கடைசியில என்ன நிக்கும்?"

"ரப்பரு மாதிரி ஒண்ணு நிக்குங்க. அது நல்லா இருந்தாத்தான் ரொட்டி எழும்பும்."

"அதுக்குப் பேரு குளூட்டன். கோதுமை, மைதா, ரவை எல்லாத்துலயும் இருக்கு. சில உடம்பு அத எதிரின்னு நெனச்சு சண்டை போடும். சண்டையில குடல் தேஞ்சுபோகும்."

"அதுதான் லைட்டுங்களா?"

"குடலுக்கு அதுதான் காரணம், சொல்லிடலாம். மூளைக்கும் அதுவேதானான்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது. இருக்கலாம்னு சில டாக்டருங்க எழுதியிருக்காங்க. வழக்கமா ஒரு தடவை நிறுத்திப் பாத்து, திரும்பக் குடுத்துப் பாத்துதான் உறுதி பண்ணுவோம்."

"திரும்பக் குடுத்துட்டேங்க. ஆறு நாளு" என்றேன்.

அதை எழுதிக்கொண்டார்.

பதினெட்டு வருஷம் அந்த ரப்பரை இந்தக் கையால் இழுத்திருக்கிறேன். பேர் அன்றுதான் தெரிந்தது. கூடவே வந்த நாலாவது ஆள் யார் என்று எனக்கு அன்று புரிந்த மாதிரி இருந்தது.

வலிப்பு மாத்திரையைத் தொடரச் சொன்னார். கோதுமைச் சாமான் ஆயுசுக்கும் கூடாது. காலையில் வார்டில் ரொட்டித் தட்டு வரும்போது காசியம்மா பூங்காவின் தலைமேல் முந்தானையைப் போட்டு மூடுவாள். எதிர்க்கட்டில் தாய் ஒருத்தி ரொட்டி நீட்டினாள். "குடும்மா, பாவம், ஒடம்பு சரியில்லாத புள்ள." காசியம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பிறகு அவளிடம் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மா அடுத்த நாள் வீட்டிலிருந்து பச்சரிசிக் கஞ்சி கொண்டுவந்தாள். நாங்கள் இருந்தவரை தினமும் கொண்டுவந்தாள்.

ஒரு மாதத்தில் வீட்டுக்கு வந்தோம். பூங்கா தேறினாள். இரண்டு மாதம் விளக்கு இல்லை. மூன்றாம் மாதம் மறுபடியும் வந்தது. ரொட்டி இல்லை, ரவை இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே வாரத்தில் மூன்று தடவை.

காசியம்மா துணியை மூட்டை கட்டினாள். "டாக்டரம்மா நல்லவங்கதான். ஆனா அது சோத்துல இல்ல. பூசாரி சொன்னது மெய்யி." வழிக்கென்று அவள் ரசம் வைத்தாள். தை பிறந்ததிலிருந்து பூங்காவுக்கு வயிற்றுக்கு நல்லது என்று தினமும் ரசம்தான். சின்ன மஞ்சள் டப்பாவைத் திறந்து பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டாள்.

எங்கள் கடைக்கு மைதா மூட்டை போடுகிற வண்டி ஒன்று உண்டு. எங்களுக்குப் போட்டுவிட்டு அடுத்ததாக எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பின் தெருவில் பெருங்காயம் பொட்டலம் போடுகிற வீடு. இத்தனை நாள் அங்கே எதற்கு மைதா என்று யோசித்ததில்லை.

சட்டை போடாமல் ஓடினேன். அங்கே வேலை செய்கிறவன் எனக்குப் பழக்கம்.

"இதுல மைதா போடுவீங்களா?"

"போடாம? வெறும் பெருங்காயப் பிசினு கையில ஒட்டிக்கினே இருக்கும், வாசனை ஆள அடிச்சிடும். மாவு போட்டாத்தாண்ணே கட்டியாவும். எல்லா எடத்துலயும் அப்பிடித்தான். ஏன், இன்னா ஆச்சி, இப்பிடி மூச்சு வாங்குற?"

நான் திரும்பி வந்து அடுப்பிலிருந்த ரசத்தை எடுத்துக் கொல்லையில் கொட்டினேன். காசியம்மா கத்தினாள். நான் சொன்னதும் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

விளக்கு பத்து நாளில் நின்றது.

டாக்டரம்மா என் வேலையை விடச் சொல்லவில்லை. கை கழுவினால் போதும் என்றார். நானாகத்தான் விட்டேன். பாயிடம் சொன்னபோது அவர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "ரொட்டிக்காரன் புள்ளைக்கு ரொட்டி ஆவாது. ஆண்டவனுக்கும் தமாசு தெரியுதுடா" என்றார். பிறகு, சின்னசேலத்தில் அவருக்குத் தெரிந்த நெல்லு மில்லில் வேலை வாங்கிக் கொடுத்தார். பதினெட்டு வருஷத்துச் சட்டை எல்லாவற்றையும் கொளுத்தினேன். அதற்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. எரியும்போது ரொட்டி வாசனை வந்தது.

அடுத்த வருஷம் காப்பு அவிழ்க்க மலைக்குப் போனோம். பூங்கா நடந்தே ஏறினாள். பூசாரி அவளை உட்காரவைத்துக் கயிற்றை அறுத்தார். நான் குளூட்டன் கதையை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். சிரிக்கவில்லை, மறுக்கவில்லை.

"அப்ப அது ஒங்கூடதான் வந்துக்கினு இருந்துச்சி" என்றார்.

"ஆமாங்க."

"இப்ப இல்லியே?"

"இல்லீங்க. சட்டையக்கூட கொளுத்திட்டேன்."

வழியை எட்டிப் பார்த்தார். பிறகு சாமைச் சோறு போட்டார். அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

பூங்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வலிப்பு மாத்திரையை டாக்டர்களே படிப்படியாக நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இரண்டு பிள்ளைகளையும் சோதித்துப் பார்த்துவிட்டாள். கோதுமை அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவள் படத்தில் அந்த வெள்ளைப் புள்ளி இன்னும் இருக்கிறது. அது போகாது, வளரவும் இல்லை என்கிறார்கள். அதைக் கோதுமைதான் வைத்ததா என்று இன்றைக்கும் யாரும் அடித்துச் சொல்லவில்லை. வயிற்றோடு சேர்ந்து கால் தள்ளாடினால், இல்லாதது தெரிந்தால், மலம் எப்படிப் போகிறது என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்குச் சொல்ல இருப்பது அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதலாமா என்று யோசித்தேன். பூங்கா எழுதச் சொல்லிவிட்டாள்.

காப்பு அவிழ்த்து இறங்கிய அன்று மேகம் இல்லை. வெயில். கடைசி வளைவில் வழி நல்ல அகலம், அவள் எனக்கு வலது பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தாள். திடீரென்று நின்றாள். கண் இழுக்கவில்லை, முகம் மாறவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு வந்து என் இடது கையைப் பிடித்தாள்.

"இந்தப் பக்கமா வரேம்பா" என்றாள். "அங்க எடம் இல்ல."

நான் வலது பக்கம் பார்க்கவில்லை. அவள் கை சூடாக, நடுங்காமல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.